உக்குணி

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை.
ட்யூப்லைட்டுக்கு அடியில் பீஸை விரித்தால்
விட்டுப்போன ஒற்றைத் தையல்,
கடுகளவு எண்ணெய்க்கறை,
எதுவும் இந்தக் கண்ணுக்குத் தப்பாது.
பதினோரு வருசம்.
"உன் கை பட்டு ஒரு பீஸும் திரும்பி வந்ததில்லை" என்று
சூப்பர்வைசர் சொன்னது ஒரே தடவை.
நான் அதை நூறு பேரிடம் சொல்லியிருப்பேன்.

அந்தக் கண்ணோடுதான்
சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்த ராத்திரி
மௌலிகா தலையைச் சொறிவதைப் பார்த்தேன்.
காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினால்
ஈர்.
எள்ளைக் கிள்ளி ஒட்டவைத்த மாதிரி.
பொடுகென்றால் ஊதினால் பறக்கும்.
இது முடியைப் பிடித்துக்கொண்டு
அசையாமல் இருந்தது,
வாசலில் வந்து உட்காரும் தவணைக்காரனைப் போல.

"அந்த ஒடிசாக்காரப் புள்ளகூடச் சேராதீன்னு
சொன்னனா இல்லியா?"
கத்தினேன்.
லைன் வீட்டில் சுவர் பாதிவரைக்கும்தான்,
மேலே ஒரே ஆஸ்பெஸ்டாஸ், எல்லாருக்கும்.

"ஒண்ணும் பண்ணலீங்மா,
போனுதான் பாத்தோம்."
ஒரு போன். உள்ளங்கை அகலம்.
அதற்குள் நாலு பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்றால்
நெற்றியோடு நெற்றி ஒட்டாமல் எப்படி?
இதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை
லிப்சா மொட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் வந்தாள்.
பழனிக்குப் போனீங்களா என்று கேட்டார்களாம்.
அவள் தலையை மட்டும் ஆட்டினாளாம்,
ஆமா என்றும் இல்லை என்றும் தெரியாமல்.

புதன்கிழமை நர்ஸ் சௌடேஸ்வரி வந்தார்.
அரைநாள் லீவு போட்டுப் போனேன்.
பேனுக்கு இறக்கை இல்லீங்க, குதிக்கவும் தெரியாது,
நடக்க மட்டும்தான் தெரியும் என்றார்.
தலை தலையைத் தொட்டால் பாலம். ஏறிப் போகும்.
ஷாம்பு போட்ட முடியா, போடாத முடியா,
கேட்காது.
தலையை விட்டு இறங்கினால்
ரெண்டு நாள் தாங்காது, பாவம்.
பாவம் என்றார் அந்தம்மா, நிஜமாகவே.

நான் எழுந்து கேட்டேன்:
"மொதல்ல எந்தப் புள்ள கொண்டுவந்துச்சுங்க?"
"ஏனுங், கேசு போடப் போறீங்களா?"
எல்லோரும் சிரித்தார்கள்.
"வாங்க, உங்க தலையக் காட்டுங்க."

ரிஜெக்ட்.

மல்லிகைப்பூ வைத்த கொண்டைக்கு அடியில்
ஒரு குடித்தனமே இருந்ததாம்.
எத்தனை நாளாய்?
மௌலிகா தினமும் என் தோளில் தலைசாய்த்துத் தூங்குகிறாள்.
அந்தப் பாலத்தில்
யார் எந்தப் பக்கம் நடந்தார்கள் என்று
எந்த ட்யூப்லைட்டில் விரித்துப் பார்ப்பது?

ஞாயிறு, தண்ணி வரும் நாள்.
குழாயடியில் லிப்சாவின் அம்மா பசந்தி.
எங்கள் கம்பெனி இல்லை, அடுத்த தெருவில்
பிசிர் வெட்டுகிறாள்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
என் தலையைத் தொட்டுக் காட்டினேன்,
இடுப்பில் செருகியிருந்த பேன்சீப்பை நீட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"உக்குணி" என்றாள்.
எங்கள் அப்பன் வீட்டில்
மாட்டுக் காதில் பிடுங்குவோம், உண்ணி.
ரெண்டு சொல்லும் சொந்தமோ என்னவோ,
கேட்க எனக்கு அவள் பாசை வராது.

கொண்டையை அவிழ்த்து எண்ணெய் தடவி
படியில் எனக்கு மேலே உட்கார்ந்தாள்.
வேலை தெரிந்த விரல்.
ஒவ்வொரு இழையாய்ப் பிரித்து
பிசிர் எடுப்பது போலவே எடுத்து
நகத்தில் வைத்து,
டிக்.
எனக்கு வலிக்கிற அளவுக்கு ஒரு தடவை இழுத்தாள்.
தெரியாமல் இழுத்ததில்லை அது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

குடம் நிரம்பி வழிந்தது.
மொட்டையும் ரெட்டைச்சடையும்
ஒரே போனுக்குள் குனிந்திருந்தன.
தள்ளி உட்காருங்கடி என்று
வாய்வரைக்கும் வந்தது.

ஈர் பொரிய எட்டு நாள் ஆகும்,
அடுத்த வாரமும் சீவணும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார்.
அடுத்த ஞாயிறு
பசந்தி தன் தலையை எனக்குக் காட்டுவாளா, தெரியாது.
சீப்பைச் சுடுதண்ணியில் போட்டு எடுத்து
வெயிலில் வைத்திருக்கிறேன்.